தோஹா ஆசியக் கோப்பை: கணக்கும் வழியும் சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

கத்தாரில் 2024 ஜனவரி 12-இல் தொடங்கிய ஆசியக் கோப்பை கால்பந்துத் தொடர் பிப்ரவரி 10-இல் முடிந்தது. லுசைல் மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் ஜோர்டானை 3-1 என்று வென்று கத்தார் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. கத்தாரின் மூன்று கோலையும் அக்ரம் அஃபிஃபே அடித்தார், மூன்றும் பெனால்டி. இந்தியா மூன்று ஆட்டத்திலும் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் வெளியேறியது. அப்படியும் நம் ரசிகர்கள் கடைசி நாள்வரை தொடரை விடாமல் பார்த்தார்கள் என்றால், சிலர் சத்தமில்லாமல் செய்த வேலைதான் காரணம். பெயர் போடாமல், செய்ததை மட்டும் சொல்லி நன்றி கூறுகிறோம்.

முதல் நன்றி, மூன்றாம் இடக் கணக்குத் தாளைப் பராமரித்தவருக்கு. 24 அணிகள், ஆறு பிரிவுகள். பிரிவுக்கு முதல் இரண்டு அணிகள் போக, மூன்றாம் இடம் பிடித்த ஆறில் நான்குக்கு அடுத்த சுற்று. எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான். ஒரே பிரிவில் இரு அணிகள் சம புள்ளி எடுத்தால், இங்கே முதலில் பார்ப்பது அவை தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தை. 2022 உலகக் கோப்பையில் மொத்த கோல் வித்தியாசம் (அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தது) முதலில் வந்தது. அதே நினைப்பில் கூட்டினால் விடை தப்பும். வெவ்வேறு பிரிவின் மூன்றாம் இட அணிகளோ ஒன்றோடொன்று ஆடியதே இல்லை. அங்கே புள்ளிக்குப் பிறகு நேராகக் கோல் வித்தியாசம், அதற்குப் பிறகு அடித்த கோல். இந்த இரண்டு விதியையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழப்பாமல் தனித்தனியாக வைத்ததால்தான் தாள் கடைசிவரை பிசகவில்லை. ஐக்கிய அரபு அமீரகமும் பாலஸ்தீனமும் ஆளுக்கு 4 புள்ளி, தங்களுக்குள் 1-1. அப்போதுதான் மொத்த வித்தியாசம் உள்ளே வந்தது: +1 எடுத்த அமீரகம் இரண்டாமிடம், 0 எடுத்த பாலஸ்தீனம் மூன்றாமிடம்.

ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3 என்று தோற்று நாம் கோல் வித்தியாசத்தில் -5-இல் நின்றபோது, "கதை முடிஞ்சுது" என்றுதான் பலரும் எழுதினார்கள். தாள் ஒப்புக்கொள்ளவில்லை. சிரியாவை 1-0 என்று வென்றாலே 3 புள்ளி, -4. கடைசியில் என்ன ஆயிற்று? தங்கள் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த சீனாவும் ஓமனும் 2 புள்ளியோடு நின்றன. இந்தோனேசியா 3 புள்ளி, -3 எடுத்து உள்ளே போனது. மற்ற பிரிவு முடிவுகள் அப்படியே இருந்திருந்தால், அந்த ஒரு கோல் வெற்றியே நம்மை நான்காவது ஆளாக ஏற்றிவிட்டிருக்கும். 76-ஆவது நிமிடத்தில் சிரியாவின் உமர் கிர்பின் அடித்தது எவ்வளவு பெரிய கோல் என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால்தான் உறைக்கும். வயிறு எரிகிறது, ஆனாலும் நன்றி!

அடுத்து தோஹாவில் இருக்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும். அகமது பின் அலி மைதானத்துக்கு ம்ஷைரிப் மெட்ரோ நிலையத்தில் பச்சைத் தடத்துக்கு மாறி, மேற்குக் கோடியில் அல் ரிஃபாவில் இறங்க வேண்டும் என்று படத்தோடு போட்டீர்கள். சிரியா ஆட்டம் நடந்த அல் பைத் மைதானம் அப்படி இல்லை. அது நகருக்கு வடக்கே அல் கோரில் இருக்கிறது, வாசல்வரை மெட்ரோ கிடையாது. சிவப்புத் தடத்தில் லுசைல்வரை போய், அங்கிருந்து சாலை வழி. ஆட்டமோ பிற்பகல் 2.30 மணிக்கு. அதை முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் பாதிப் பேர் தேசிய கீதத்தைத் தவறவிட்டிருப்பார்கள். மெட்ரோவில் குடும்பப் பெட்டி தனி, ஆண்கள் மட்டும் கும்பலாக ஏறினால் இறக்கிவிடுவார்கள் என்ற எச்சரிக்கை புதிதாக வந்தவர்களுக்குப் பெரிய உதவி. ஐந்து பேர் டிக்கெட்டையும் ஒரே போனில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் நிற்காதீர்கள் என்றதும் அப்படித்தான்.

நேர அட்டவணை போட்டவருக்கும் நன்றி. கத்தார் நேரத்தோடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இரண்டரை மணி, மலேசியாவுக்கு ஐந்து மணி கூட்டி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்தீர்கள். பிரிவின் கடைசி ஆட்டங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்பதால், நாம் சிரியா ஆட்டத்தைப் பார்க்கும்போது ஆஸ்திரேலியா–உஸ்பெகிஸ்தான் நிலவரத்தை ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மொபைலில் ஓடும் ஒளிபரப்பு டிவியைவிடப் பின்தங்கும். அதனால் "கோல்" என்று உடனே கத்தக் கூடாது என்ற கட்டுப்பாட்டை வாட்ஸ்அப் குழுவில் கொண்டுவந்த புண்ணியவதிக்குத் தனியாக ஒரு கும்பிடு. மலேசியா–தென்கொரியா ஆட்டத்தில், 90 தாண்டி 15-ஆவது நிமிடத்தில் மலேசியாவின் ரோமெல் மொராலெஸ் அடித்து 3-3 ஆனபோது எல்லாருமே அந்தக் கட்டுப்பாட்டைக் காற்றில் பறக்கவிட்டார்கள். மன்னிக்கலாம்.

ஒரு வேண்டுகோள்: அந்தக் கணக்குத் தாளை அழித்துவிடாதீர்கள். 2027-இல் சவூதியிலும் 24 அணிகள், ஆறு பிரிவுகள்தான். அணிப் பெயர்களை மட்டும் மாற்றினால் போதும்; சம புள்ளி வந்தால் யார் முன்னே என்று சொல்லும் டைபிரேக் விதியை மட்டும் அப்போது வெளியாகும் விதிமுறையோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தமிழ்க் கால்பந்து ரசிகர்கள்