சிவப்பைப் பார்த்த இரண்டாவது ஆள்

அன்பு நண்பா,

உன் கதையின் முதல் பகுதி வந்ததும் ஒரே மூச்சில் படித்தேன். பிறகு பென்சிலோடு உட்கார்ந்து இன்னொரு முறை. சாம்பல் சுவர்கள், சாம்பல் உடுப்பு, ஒரே அளவில் வெட்டிய தலைமுடி, மணி அடித்ததும் ஒன்றாகத் திறக்கும் கதவுகள். அந்த ஊரை நம்ப வைத்துவிட்டாய். யாரையும் அடிக்காமலே எல்லோரையும் வரிசையில் நிறுத்தி வைத்திருக்கும் அந்த அமைதி என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது.

மனம் ஒட்டாத இடம் ஒன்று இருக்கிறது. அந்தப் பெண் கிழிந்த துணியின் ஓரத்தில் சிவப்பைப் பார்க்கிறாள், பார்த்த கணமே மகிழ்ச்சியில் திக்குமுக்காடிப் போகிறாள். பிறந்ததிலிருந்து சாம்பலை மட்டுமே கண்டவளுக்கு முதலில் மகிழ்ச்சியா வரும்? கண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற பயம்தான் வரும். கண்ணைக் கசக்குவாள். மறுநாள் அந்தத் துணியைத் தேடிப்போய்த் திருட்டுத்தனமாகப் பார்ப்பாள். யாரிடமும் வாய் திறக்க மாட்டாள்.

அணுக்கொள்கைக்காகப் பள்ளியில் படித்தோமே, ஜான் டால்டன், அவருடைய கதை உனக்கு உதவும். இருபத்தைந்து வயதைத் தாண்டும்வரை, தன் பார்வை மற்றவர்களுடையதைப் போல இல்லை என்பது அவருக்கு உறுதியாகத் தெரியாது. 1792-இல் ஒரு ஜெரேனியம் பூவை மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்க்கிறார். பகலில் வான நீலமாகத் தெரிந்த பூ இப்போது சிவப்பாகத் தெரிகிறது. மற்றவர்களுக்கோ அது எப்போதுமே இளஞ்சிவப்பு. நண்பர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார். இரண்டு வெளிச்சத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறார்கள். அவருடைய சகோதரர் ஒருவர் மட்டும், "எனக்கும் மாறித்தான் தெரிகிறது" என்கிறார். 1794-இல் டால்டன் தன் நிறக்குறையைப் பற்றி ஊரறியக் கட்டுரை வாசித்தார். பூ வழிகாட்டியது உண்மைதான். ஆனால் அந்தச் சகோதரர் இல்லாமல் போயிருந்தால், தன் கண்ணில் தெரிந்ததை அவ்வளவு உறுதியாக நம்பியிருப்பாரா என்று யோசிக்கிறேன்.

வீட்டுச் செய்தி ஒன்று. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்த அன்று கட்டிலில் கிடந்த போர்வையைத் தடவிக்கொண்டே, "இது நீலமா? இத்தனை நாளும் கறுப்புன்னுல்ல நினைச்சேன்!" என்றார். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது. மஞ்சளாகிய லென்ஸ் நீல ஒளியை உள்ளே விடாமல் தின்றுவிடுகிறது. அது வருடக்கணக்காக, துளித்துளியாக நடப்பதால் போனது தெரிவதே இல்லை. நீலம் காணாமல் போனதாக அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அதனால்தான் சொல்கிறேன், உன் ஆட்சிக்குழு ஒரே இரவில் நிறங்களைத் தடை செய்ய வேண்டாம். தடை என்றால் எதிர்க்கத் தோன்றும். ஒரு தலைமுறையில் மஞ்சள் போகட்டும், சண்டை வரக்கூடாது என்ற நல்லெண்ணத்தில். அடுத்த தலைமுறையில் பச்சை. கடைசியில் சிவப்பு போகும்போது அதற்காக அழ யாரும் மிச்சம் இருக்கமாட்டார்கள். கொடுமைக்காரர்கள் ஆளும் ஊரைவிட, எல்லோரும் ஒருவரையொருவர் சிரமப்படுத்தாமல் இருக்க ஒப்புக்கொண்ட ஊர்தான் எனக்குப் பயங்கரமாகத் தெரிகிறது.

இப்படி ஒப்புக்கொள்வது எவ்வளவு எளிது என்பதை உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-இலேயே காட்டிவிட்டார். கோடுகளைக் காட்டி, எது எதற்குச் சம நீளம் என்று கேட்டார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்த மற்ற எல்லோரும் முன்பே பேசி வைத்துக்கொண்டு ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். சோதனைக்கு வந்தவர்களின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தத் தவறோடு ஒத்துப்போனது. நால்வரில் மூவர் ஒருமுறையாவது பணிந்தார்கள். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் போதும், அந்தப் பணிவு பெருமளவு குறைந்துவிட்டது. அந்த ஒருவரைத்தான் உன் கதையில் தேடுகிறேன்.

உன் கதைக்கு இதைவிட நெருக்கமான சோதனை, செர்ஜ் மாஸ்கோவிசி என்ற இன்னொரு உளவியலாளரின் குழுவினர் 1969-இல் செய்தது. அது நிறத்தைப் பற்றியே. ஆறு பேர் கொண்ட குழுவுக்கு நீல நிற ஸ்லைடுகளைக் காட்டினார்கள். அதில் இருவர் ஆய்வாளர்களின் ஆட்கள், ஒவ்வொரு முறையும் அசராமல் "பச்சை" என்றார்கள். மற்ற நால்வரும் நிறப்பார்வை சரியாக இருக்கிறதென்று சோதித்துச் சேர்க்கப்பட்டவர்கள். அவர்களின் பதில்களில் 8.42 சதவீதம் பச்சை என்று வந்தது. அந்த இருவரும் சில முறை நீலம், சில முறை பச்சை என்று தடுமாறியபோது அது 1.25 ஆகச் சுருங்கியது. என்னை உலுக்கியது அதற்குப் பின் நடந்தது. தனியாக உட்காரவைத்து, நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே எங்கே கோடு போடுகிறார்கள் என்று பார்த்தார்கள். கோடு நகர்ந்திருந்தது. குழுவில் ஒருமுறைகூடப் பச்சை என்று சொல்லாதவர்களிடம்தான் அது அதிகமாக நகர்ந்திருந்தது.

இதை வைத்துக்கொண்டு நீ எவ்வளவு எழுதலாம்! வாயால் "எல்லாம் சாம்பல்தான்" என்று ஒப்பித்துக்கொண்டே உள்ளுக்குள் மாறிவிட்ட காவலாளியை எழுது. அவன் பேசவே வேண்டாம். துணியைப் பறிமுதல் செய்யும்போது அவன் கை ஒரு நொடி தயங்கட்டும், அவள் அதைக் கவனிக்கட்டும்.

நிறம் திரும்பி வரும் பகுதியைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை என்று எழுதியிருந்தாய். எல்லோரும் கைதட்டுவதாக மட்டும் முடித்துவிடாதே. அல்பேனியாவின் தலைநகர் திரானாவில் இது நிஜமாகவே நடந்திருக்கிறது. சர்வாதிகாரம் போன பிறகும் நகரம் மங்கிக் கிடந்தது. 2000-இல் மேயரான எடி ராமா அடிப்படையில் ஓவியர். பழைய அடுக்குமாடி ஒன்றில் ஆரஞ்சு வண்ணம் பூசவைத்தார். கூட்டம் கூடி, போக்குவரத்தே நின்றுபோனது. நிதியைக் கவனித்த ஐரோப்பிய ஒன்றிய அதிகாரி, இந்த நிறங்கள் ஐரோப்பியத் தரத்துக்கு ஒத்துவராது என்று தடுக்கப் பார்த்தார், பிறகு சமரசம் பேசினார். நிறங்களில் சமரசம் செய்தால் கிடைப்பது சாம்பல்தான் என்று ராமா மறுத்துவிட்டார். பிறகு மக்களிடமே கருத்துக் கேட்டபோது 63 சதவீதம் பேர் பிடித்திருக்கிறது என்றார்கள். பிடிக்காதவர்களிலும் பாதிப் பேர், வேலை தொடரட்டும் என்றார்கள். அந்தப் பாதிப் பேர் மீது எனக்குத் தனி அன்பு. ஆரஞ்சு பிடிக்கவில்லை என்று சொல்லவாவது ஆரஞ்சு இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உன் ஊரிலும் அப்படி ஒரு சண்டை வரட்டும். இத்தனை காலம் எதையும் மறுத்துப் பேசியிராதவர்கள், சுவர் நிறத்துக்காக நடுத்தெருவில் குரலை உயர்த்தட்டும்.

அந்தப் பெண்ணைத் தனியாக விட்டுவிடாதே, அதுதான் நான் கேட்பது. வயதான ஒருவர், ஒரு குழந்தை, யாராக இருந்தாலும் சரி. அவள் துணியை நீட்ட, அவர்கள் உடனே பதில் சொல்லாமல் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "எனக்கும் தெரியுது" என்று சொல்லும் இடத்தைப் படிக்கக் காத்திருக்கிறேன். நம் வகுப்பில் எல்லோரும் சரி என்று தலையாட்டிய நேரத்தில் நீயும் என்னோடு கையைத் தூக்கினாயே, அந்த ஒரு பக்கத்தை உன்னைவிட நன்றாக யார் எழுதுவார்?

பென்சில் குறிப்புகளோடு பிரதியைத் தனியாக அனுப்புகிறேன். மூன்றாம் அத்தியாயத்தில் நிறைய கிறுக்கியிருக்கிறேன், ஒத்துப்போகாத இடத்தில் சண்டை போடு. அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
உன் நண்பன்