துப்பட்டாவைப் பற்றி மட்டும் பேசினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சபைகளில் இளம்பெண்களின் உடை பற்றி ஒரு வாசகர் எழுதியிருந்த கடிதத்தைச் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் படித்தேன். லெகிங்ஸ், ஸ்லீவ்லெஸ், துப்பட்டா போடாத சுடிதார் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, வாலிபப் பையன்கள் கெட்டுப்போவதற்கு இதுதான் காரணம் என்று முடித்திருந்தார். நானும் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள்தான், பல வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்திருக்கிறேன், அடக்கமாக உடுத்த வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் சொல்கிற காரணத்துக்கு வேதத்தில் இடமே இல்லை.

மத்தேயு 5-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு ஸ்திரீயை இச்சையோடு பார்க்கிற எவனும் தன் இருதயத்தில் அவளோடே விபசாரம் செய்தாயிற்று என்று இயேசு சொல்கிறார். அடுத்து என்ன சொன்னார்? அவள் எப்படி உடுத்தியிருந்தாள் என்று விசாரித்தாரா? உன் கண் உனக்கு இடறல் உண்டாக்கினால் அதைப் பிடுங்கிப் போடு என்றார். பார்த்தவனுடைய கண்ணைச் சொன்னார்.

பத்சேபாள் என்ற இன்னொருவன் மனைவியைக் குளிக்கையில் பார்த்து இச்சித்த தாவீது ராஜா விஷயத்திலும் இதேதான். அவள் ஏன் எல்லாரும் பார்க்கிற மாதிரி குளித்தாள் என்று கேட்கிற பிரசங்கியார்களை நான் கன்வென்ஷன் பந்தலிலேயே கேட்டிருக்கிறேன். உப்பரிகையில் உலாவினது தாவீது, ஆள் அனுப்பி அழைத்து வரச் சொன்னது தாவீது, அவள் புருஷன் உரியாவைப் போர்முனையில் நிறுத்திச் சாகவிட்டதும் தாவீது. நாத்தான் தீர்க்கதரிசி அரண்மனைக்கு வந்து, ஏழை ஒருத்தன் மகளைப்போல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் பிடித்துச் சமைத்த கதையைச் சொல்லிவிட்டு, ராஜாவின் முகத்துக்கு நேரே "நீயே அந்த மனுஷன்" என்கிறார். ஆட்டுக்குட்டி மேல் அவர் ஒரு வார்த்தைகூடக் குற்றம் சொல்லவில்லை, நம்மவர்களுக்குத்தான் அதையும் கூண்டில் ஏற்றாமல் தூக்கம் வருவதில்லை.

எனக்கு எப்போதும் மனசைத் தொடுகிற இடம் லூக்கா 7. நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்கிற பரிசேயர் கூட்டத்தைச் சேர்ந்த சீமோன் வீட்டுப் பந்தி. ஊரே பாவி என்று ஒதுக்கின ஒரு பெண் உள்ளே வந்து, கண்ணீரால் இயேசுவின் பாதங்களை நனைத்து, தலைமயிரால் துடைக்கிறாள். அந்தக் காலத்து யூத வழக்கப்படி அந்நிய ஆண்கள் நடுவில் ஒரு பெண் தலைமயிரை அவிழ்த்துப் போடுவதே வெட்கக்கேடு. சீமோன் மனசுக்குள் முகம் சுளிக்கிறான். இயேசு அவள் பக்கம் திரும்பிக்கொண்டுதான் சீமோனிடம் பேசுகிறார்: "இந்த ஸ்திரீயைப் பார்க்கிறாயே". அப்புறம் அவள் செய்தது ஒவ்வொன்றையும் எடுத்துச் சொல்கிறார், கண்ணீர், முத்தம், பரிமளதைலம் என்று. ஒரு பெண்ணைச் சரீரமாகவோ பாவமாகவோ மட்டும் பார்க்காமல் மனுஷியாகப் பார்ப்பது எப்படி என்று எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் யாராவது சொல்லித்தர வேண்டுமென்றால், இந்த ஒரு பந்தி போதும்.

பவுல் சொன்னாரே என்பார்கள். சொன்னார்தான். 1 தீமோத்தேயு 2-இல் தகுதியான வஸ்திரம், நாணம் என்று எழுதினவர், அதே வாக்கியத்தில் பொன்னும் முத்தும் விலையேறப்பெற்ற வஸ்திரமும் வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறார். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் மணப்பெண் கழுத்திலும் கையிலும் ஏறுகிற தங்கத்தைப் பார்த்து எந்த ஆயராவது அந்த வசனத்தை வாசித்தாரா? பாதி வசனத்தை மட்டும் பெண்பிள்ளைகள் மேல் போடுவது நியாயம் இல்லை.

குமரி மாவட்டத்துக்காரர்களாகிய நாம் உடை விஷயத்தில் இப்படிப் பேசுவது கூடுதல் வேதனை. அன்றைய தென் திருவிதாங்கூரில் மார்பை மறைக்கும் உரிமைக்காக நம் பாட்டிமாருடைய பாட்டிமார் அடி வாங்கியிருக்கிறார்கள். 1820களிலும் திரும்ப 1858, 59-லும் மேலாடை போட்டு வெளியே போன பெண்களின் துணியை மேல்சாதிக்காரர்கள் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள், ஜெபவீடுகளையும் பள்ளிக்கூடங்களையும் கொளுத்தினார்கள். கடைசியில் 1859 ஜூலை 26-ல் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று திருவிதாங்கூர் மகாராஜா உத்தரவு போட்டார், அதுவும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற விதத்தில் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. நான் எப்படி உடுத்த வேண்டும் என்று சாதிக்காரனும் ராஜாவும் சொல்லக்கூடாது என்று நின்றவர்கள் அந்தப் பெண்கள். அவர்கள் வயிற்றில் பிறந்த வம்சத்தைச் சேர்ந்த பிள்ளைகளை இன்றைக்குக் கமிட்டி ஆண்கள் ஆலய வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்து அளக்கிறார்கள்.

சரி, பையன்கள் கெட்டுப்போகவில்லையா என்றால், கெட்டுத்தான் போகிறார்கள். ஆனால் எதனால்? ஒருநாள் வகுப்பு முடிந்ததும் ஒரு பையன் தயங்கி நின்றான். பைபிள் உறையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக, என் முகத்தைப் பார்க்காமலே பேசினான். கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிக் கொடுத்த போன், வாட்ஸ்அப்பில் எவனோ அனுப்பின ஒரு வீடியோ, அதில் ஆரம்பித்து இப்போது அதைப் பார்க்காமல் தூக்கம் வருவதில்லை என்றான். "டீச்சர், ஒவ்வொரு தடவையும் மன்னிப்பு கேட்கிறேன், இன்னும் மன்னிப்பு உண்டா?" என்றான். ஆலயத்துக்கு வருகிற எந்தப் பெண்ணின் சுடிதாருக்கும் அந்தப் பிள்ளையின் அழுகைக்கும் என்ன சம்பந்தம்? உண்டு தம்பி, மன்னிப்பு உண்டு என்றேன். ஆசை வருவதே பாவம் இல்லை, சரீரத்தையும் அதன் ஆசையையும் படைத்தவர் தேவன்தான், அந்த ஆசையை வைத்துக் காசு பண்ணுகிறவர்கள் உன்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், தனியாகப் போராடாதே என்றும் சொன்னேன். வீட்டில் சொல்ல அவனுக்குப் பயம். ஆயரிடம் சொல்ல அதைவிடப் பயம்.

2018-ல் உத்தரகாண்ட் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 827 ஆபாச இணையதளங்களை முடக்கச் சொன்னார்கள். ஆனால் தடையைத் தாண்ட உதவுகிற விபிஎன் செயலியைப் போட்டு உள்ளே போகப் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிகிறது. குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசப் படத்தைப் போனில் வைத்திருப்பதும் குற்றம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அதை எந்த வாலிபர் கூட்டத்திலும் யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. இந்தச் சோதனை பெண்பிள்ளைகளுக்கும் உண்டு, அவர்களுக்கு வாய் திறக்க இன்னும் பயம். ரீல்ஸ், சினிமாப் பாட்டு, சோப்பு விளம்பரம் என்று எல்லாமே சரீரத்தை விற்கிற காலத்தில், பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச நேரமில்லாமல் துப்பட்டாவைப் பற்றி மட்டும் அறிவிப்பு ஒட்டுகிறோம்.

ஆயர்மாரிடமும் சபை கமிட்டியாரிடமும் நான் கேட்பது இதுதான். இந்த வருஷம் ஆண்கள் ஞாயிறன்று நாத்தான் தாவீதைக் கண்டித்த 2 சாமுவேல் 12-ஐ வாசித்து ஆண்களுக்கே பிரசங்கம் பண்ணுங்கள். பையன்களுக்கு ஒரு அண்ணன், பெண்பிள்ளைகளுக்கு ஒரு அக்கா என்று, கேட்டதை வெளியே சொல்லாத ஆட்களைச் சபையில் ஏற்படுத்துங்கள். தகப்பன்மாரே, ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைகளுடைய போனை ஹாலில் சார்ஜ் போடச் சொல்லுங்கள், கூடவே உங்கள் போனையும் அங்கேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகர்கோவில்