கவிதாவின் ஆய்வுத் தலைப்பு பற்றி

ஏற்காடு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலிக்குத் தைலம் தடவியே காலத்தை ஓட்டாமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார். இங்கே எல்லோரும் சுகம். காப்பிச் செடியைப் பூக்க வைக்கும் பூமழை இந்த முறை சரியான நேரத்துக்குப் பெய்தது. எஸ்டேட் முதலாளி வெகுநாளைக்குப் பிறகு சிரிக்கிறார்.

கவிதா வயர்லெஸ் மெஷ்ஷில், அதாவது கேபிளில்லாமல் ரவுட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வலையில், பிஎச்.டி. பண்ணலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் பண்ணட்டும். ஆனால் தகவல் எந்த வழியாகப் போவது என்று தீர்மானிக்கப் புதிதாக ஒரு ரவுட்டிங் புரோட்டோகால், கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரில் நாலு கிராஃப் என்று முடித்துவிட வேண்டாம். சிமுலேட்டரில் தரை சமமாக இருக்கும், மரம் இருக்காது, கரண்ட் போகாது. இந்த மலையில் மூன்றுமே தலைகீழ்.

நீ பி.காம். ஆள், அவளோடு பேசக் கொஞ்சமாவது தெரிந்துகொள். எங்கள் எஸ்டேட்டில் ஆபீஸிலிருந்து காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்ப்பர் கொட்டகை, அங்கிருந்து தொழிலாளர்களின் லைன் வீடுகள் என்று ரவுட்டருக்கு ரவுட்டர் தகவல் கைமாறிப் போகிறது. கேபிள் வேண்டாம் என்பதுதான் மெஷ்ஷின் அழகு. சங்கடம் என்னவென்றால், ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், ரவுட்டருக்குள் இருக்கும் ஒரு ரேடியோ கேட்டுக்கொண்டே பேச முடியாது. நடுவில் ஒரு ரவுட்டர் வந்தால் வேகம் பாதி, இரண்டு வந்தால் மூன்றில் ஒன்று. நீண்ட சங்கிலியில் ஏட்டுக்கணக்குப்படி கால்வாசியாவது மிஞ்ச வேண்டும், 2001-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆட்கள் வைஃபை விதிகளை வைத்துப் பார்த்தபோது ஏழில் ஒரு பங்குதான் தேறியது. அதற்கு முந்தைய ஆண்டே குப்தா, குமார் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஆள் சேரச் சேர ஒவ்வொருவர் பங்கும் தேயும் என்று கணிதமாக நிறுவிவிட்டார்கள். ரவுட்டரை நெருக்கி நெருக்கி வைத்தால் தீர்ந்துவிடும் என்று விற்க வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன், யார் கேட்கிறார்கள்!

மலையில் இன்னொரு வினை. மேட்டின் இரு சரிவிலும் உள்ள ரவுட்டர்களுக்கு ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்காது. உச்சியில் இருப்பதற்கு இரண்டும் கேட்கும். இரண்டும் ஒரே நேரத்தில் பேச, உச்சியில் ஒன்றும் புரியாது. பாடப்புத்தகம் இதை 'ஹிட்டன் நோடு' என்று அரைப் பக்கத்தில் தாண்டிவிடும். இங்கே அதுதான் அன்றாடம்.

சிக்னல் போனால் எல்லோரும் பனிமூட்டத்தைத் திட்டுகிறார்கள். பாவம் அது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் நீளம், பனித்துளி அதை ஒன்றும் செய்யாது. அலையைக் குடிப்பது நனைந்த இலை. சில்வர் ஓக்கும் மிளகுக்கொடியும் மழையில் ஊறி நின்றால், காலையில் நன்றாக இருந்த இணைப்பு மாலையில் பாதி பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளை, தொலைக்கும். 2003-ல் வந்த ஈ.டி.எக்ஸ். என்ற அளவுகோல், ஒரு பாக்கெட்டை எத்தனை முறை அனுப்பினால் போய்ச் சேரும் என்று பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கும். நல்ல யோசனைதான். ஆனால் மணிக்கு மணி மாறும் இணைப்பில் எவ்வளவு அடிக்கடி அளப்பது? அளக்கும் பாக்கெட்டுகளும் அதே சேனலைத்தானே தின்கின்றன? கவிதா கை வைக்க வேண்டிய இடம் இது.

தேனிப் பக்கம் அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராம மையங்களை அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுந்தூர வைஃபையால் இணைத்ததை அவள் அவசியம் படிக்க வேண்டும். வைஃபையின் 'கேட்டுவிட்டுப் பேசு' முறை அத்தனை தூரத்துக்குச் சரிப்படாததால், அதை விட்டு நேரம் பங்கிட்டுப் பேச வைத்தார்கள். 2008 கட்டுரையில் அவர்கள் பழுதுகளுக்குப் பெரிய காரணமாகக் காட்டியது ரேடியோவை அல்ல, தரமில்லாத மின்சாரத்தை. லைன் வீட்டு ரவுட்டர் அடாப்டர்களை மாற்றி மாற்றி எனக்கு இது மனப்பாடம். வழிகாட்டி ஆசிரியர்களுக்கு இது ஆராய்ச்சியாகவே படாது, அவள் சண்டை போட்டுத்தான் ஒப்பேற்ற வேண்டும்.

அக்டோபரில் அனுப்பி வை. மே மாதம் வேண்டாம், கோடை விழாக் கூட்டம் தாங்காது, இலையும் காய்ந்திருக்கும். கம்பத்தில் கருவி மாட்ட முதலாளியிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீயும் வா, அந்தப் பழைய காரில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறாமல் பஸ்ஸில் வா. தட்டுவடை செட் பார்சல் கட்டாதே, மேலே வருவதற்குள் ஊறிப்போகும். வெறும் தட்டுவடையாக வாங்கி வா, சட்னி இங்கே அரைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ரவி