பாதைக்கும் உரிமை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகளின் பொதுநலப் பண்புக்கும் மதிப்பெண் போட வேண்டும் என்று உங்கள் நாளிதழில் ஒருவர் எழுதியிருந்தார். மாலை நேர மத்ரஸாவில் 19 ஆண்டுகளாக ஓதிக்கொடுக்கிறேன். அதைச் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

ஈமான் என்னும் இறைநம்பிக்கைக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள். அவற்றில் கடைசி, பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது. ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் உள்ள இந்த ஹதீஸை, அதாவது நபிமொழியை, எங்கள் பிள்ளைகள் ஏழு வயதிலேயே தடுமாறாமல் ஒப்பிப்பார்கள். ஒப்பித்த கையோடு, படியை மறைத்துக் கிடக்கும் செருப்புகளை மிதித்துக்கொண்டு ஓடுவார்கள். எனவே ஒரு நோட்டுப் போட்டேன்: கல்லோ முள்ளோ எடுத்துப் போட்டால் ஒரு மதிப்பெண். மூன்றாவது வாரம் ஒரு பையன் தானே நடுவழியில் கல்லை வைத்துவிட்டு, நான் வரும் நேரம் பார்த்து எடுத்தான். முகஸ்துதியை, அதாவது பிறர் பார்க்கவென்று நல்லது செய்வதை, மார்க்கம் கண்டிக்கிறது; அதைக் கற்றுக்கொடுத்ததே என் நோட்டுதான். கிழித்துவிட்டேன்.

பிறகு பாதையின் உரிமை பற்றிய ஹதீஸை எடுத்தேன். நபித்தோழர் அபூ ஸயீத் அல்குத்ரி (ரலி) அறிவிப்பது, புகாரி தொகுப்பில் இருக்கிறது. பாதையோரம் உட்காராதீர்கள் என்றார்கள் நபி (ஸல்). எங்களுக்கு வேறு இடமில்லையே, அங்கேதானே பேசிக்கொள்கிறோம் என்றார்கள் தோழர்கள். அப்படியானால் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுத்துவிடுங்கள்: பார்வையைத் தாழ்த்துவது, தொல்லை தராமல் இருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது. சொல்லச் சொல்ல எனக்கு உறைத்தது வேறு. தோழர்கள் தங்கள் சிரமத்தை எடுத்துச் சொல்கிறார்கள். அதற்கு அங்கே இடம் இருக்கிறது. என் வகுப்பில் அந்த இடம் கிடையாது. ஓது என்றால் ஓத வேண்டும், அவ்வளவுதான்.

அன்று முதன்முறையாக, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "ஹஜ்ரத், வெள்ளிக்கிழமை உங்க வண்டி பக்கத்து வீட்டு கேட்டை மறிச்சு நிக்குதே, அது தொல்லை இல்லையா?"

ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

மதிப்பெண் நோட்டுக்குப் பதிலாக, பிள்ளைகள் எங்களையே கேள்வி கேட்க வாரத்தில் அரைமணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் பலருக்குப் பிடிக்காது, எனக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் அந்த வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் முஸ்லிம் அல்ல. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, "உங்க வண்டி மட்டுமா நிக்குது?" என்றார்.

இப்படிக்கு,
ஒரு மத்ரஸா ஆசிரியர்