அலைவரிசையில் வந்த பாட்டுகள்

புளியந்தீவு,
மட்டக்களப்பு.

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்திருப்பதாக எழுதியிருந்தாய், ஆறுதலாக இருந்தது. இங்கே அனைவரும் நலம். மாரி இம்முறை முந்திக்கொண்டது, வாவி நிரம்பிக் கிடக்கிறது. நத்தாருக்கு மகள் பேத்தியோடு வருகிறாள்.

எங்கள் பங்கு இளைஞர்கள் சிலர் இணைய வானொலி ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். ஒரு மடிகணினி, ஒரு மைக், நாள் முழுவதும் கிறிஸ்தவப் பாட்டுகள். நமக்கு இந்தப் பாட்டுகள் வானொலியில் வந்துசேர்ந்த வரலாற்றை அரை மணி நேரம் பேசும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆண்டுகளைச் சொல்வது எளிது. மார்க்கோனி நிறுவிக்கொடுத்த வத்திக்கான் வானொலி 1931இல் தொடங்கியது. மணிலாவிலிருந்து கத்தோலிக்க வானொலியான வேரித்தாஸ் 1969இல், செஷல்ஸ் தீவுகளிலிருந்து பெபா (FEBA) என்ற கிறிஸ்தவ வானொலி 1970இல். பெபாவின் அலைக்கம்பங்களைக் கரையோரப் பவளப்பாறைத் திட்டில் நட்டிருந்தார்கள் என்று பிற்பாடு படித்தேன். அலைகளைத் தொலைவுக்கு வீசக் கடல்நீரே துணைசெய்யும் என்பது கணக்கு. நாம் கல்லடிக் கரையில் நின்று பார்த்த அதே இந்துமாக்கடலின் மறுபுறத்திலிருந்து தமிழ்ப் பாட்டு வந்துகொண்டிருந்தது! நம் நாட்டிலேயே புத்தளத்தில் 882 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் விஸ்வவாணி என்ற கிறிஸ்தவ வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகள் ஒலித்தன. இந்தியாவை நோக்கிய ஒலிபரப்புத்தான், ஆனாலும் நம் வீடுகளிலும் கேட்டது.

மத்திய அலை பகலில் தொலைதூரம் எட்டாது. சூரியன் மறைந்தபின் வானத்தின் கீழ் அடுக்கில் அலைகளை உறிஞ்சும் தன்மை குறைந்துவிடும். அப்போது அவை மேலே சென்று தெறித்து வெகுதூரம் போகும். 1990க்குப் பிந்திய அந்தப் போர் ஆண்டுகளை நினைத்துப் பார். பொழுது சாய்ந்தால் தெருவில் ஆளரவம் இராது, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்போம். நாம் வெளியே போக முடியாத அந்த நேரத்தில்தான் பாட்டு தெளிவாக வந்தது. பற்றரி தீர்ந்துபோனால் வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு மாலைக்கு இழுத்துப் பிடித்தோம். அந்தப் பாட்டுகள் இல்லாமல் அந்த இரவுகளை நான் கடந்திருப்பேனா, தெரியவில்லை.

ஆனால் இளைஞர்களிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது வேறொன்று. 1814இல் வில்லியம் ஓல்ட் இங்கே வந்து மெதடிஸ்த பணியைத் தொடங்கிய காலத்திலிருந்து உங்கள் மெதடிஸ்த ஆலயமும் எங்கள் கத்தோலிக்கக் கோவிலும் ஒரே ஊரில் அருகருகே இருந்தும், பாட்டு மட்டும் தனித்தனியாகவே இருந்தது. உங்களுக்குப் பாமாலையும் கீர்த்தனையும், எங்களுக்குப் பூசைப் பாட்டும் மாதா பாட்டும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை நான் முதன்முதலில் கேட்டது கோவிலில் அல்ல, வானொலிப் பெட்டியில்தான். அதேபோல் வேரித்தாஸில் வந்த மாதா பாட்டை உன் அம்மா அடுக்களையில் முணுமுணுத்தது எனக்கு இன்றும் காதில் கேட்கிறது. பாதிரிமார் கூடிப் பேசித் தீர்மானித்து நடந்ததல்ல இது. முள்ளைத் திருப்பினால் எந்தச் சபையின் பாட்டும் எந்த வீட்டுக்குள்ளும் வந்துவிடும்.

உன் அம்மாவின் பாட்டுக் கொப்பியை மறந்திருக்க மாட்டாய். நீல அட்டை, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. வானொலியில் கேட்கக் கேட்க எழுதுவார். இரைச்சலில் ஒரு சொல் அமுங்கிப்போனால் அங்கே கோடிட்டு இடம் விடுவார். அடுத்த கிழமையோ அடுத்த மாதமோ அதே பாட்டு மீண்டும் வரும்போது அந்த இடத்தை வேறு மையால் நிரப்புவார். ஒரே வரியில் கறுப்பும் நீலமும் சிவப்பும் இருக்கும். நிலையங்களின் ஆவணங்களில் எதை அனுப்பினார்கள் என்பது இருக்கும். இங்கே எது வந்துசேர்ந்தது என்பது அந்தக் கொப்பியில்தான் இருக்கிறது. எந்தப் பாட்டை மனிதர்கள் விடாமல் காத்திருந்து பிடித்தார்கள் என்பதை வேறு எங்கே போய்த் தேடுவது?

பெபா 2003இல் செஷல்ஸ் ஒலிபரப்பை நிறுத்தியது. வேரித்தாஸ் 2018இல் சிற்றலையை விட்டு இணையத்துக்குப் போனது. பிள்ளைகளிடம் இருப்பது தெளிவான ஒலி, எனக்கு அதில் குறையில்லை. ஆனால் அவர்கள் எங்கள் சபைப் பாட்டுகளை மட்டுமே போடுகிறார்கள். உங்கள் ஆலயப் பாடகர் குழுவையும் பதிவுசெய்யச் சொல்லி வற்புறுத்தியிருக்கிறேன். மறுக்கவில்லை. அடுத்த கிழமை போதகரைப் பார்க்கப் போகிறோம்.

அம்மாவின் கொப்பி உன்னிடம் கனடாவில்தான் இருக்கிறது என்று உன் தங்கை சொன்னாள். பக்கங்களைப் படமெடுத்து அனுப்பு. அட்டையையும் சேர்த்து எடு. கோடிட்டு விட்ட இடங்கள் இன்னும் வெறுமையாக இருந்தால் அவற்றை நீ நிரப்பிவிடாதே, அப்படியே வேண்டும். தபாலில் கொப்பியை அனுப்ப வேண்டாம், தொலைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

தங்கையின் மகனுக்கு வேலை கிடைத்ததா? எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்