எஸ் கீயில் ஓர் இ

திருவல்லிக்கேணி,
சென்னை

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேப்பரை அவரே படிக்கிறார். உன் மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாளா?

ராயப்பேட்டை அச்சகம் ஒன்றுக்குக் கல்யாணப் பத்திரிகை அமைக்கும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன் அல்லவா, லினக்ஸில், ஜன்னல், பட்டன் எல்லாம் வரைந்து தரும் ஜிடிகே வைத்து? போன வாரம் அங்கே டைப் செய்யும் அக்கா கூப்பிட்டார். "காலையிலேர்ந்து சேவ் பண்ணிக்கிட்டேதான் தம்பி இருந்தேன். கரண்ட் போய் வந்தா ஒண்ணையும் காணோம்." அரை நாள் உழைப்பு. எனக்கு மனசே ஆறவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தமிழ்99 கீபோர்டு அமைப்பைப் போட்டிருந்தார். நாம் படித்த காலத்தில், 1999 பிப்ரவரியில், இதே சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்ததே, அதே அமைப்பு. அதில் எஸ் கீயில் இருப்பது இ. சேவ் செய்ய அதைக் கன்ட்ரோலோடு அழுத்தினால் நிரலுக்கு வந்து சேர்வது கன்ட்ரோல் எஸ் அல்ல, கன்ட்ரோல் இ. நான் எழுதியதோ எஸ் வந்ததா என்று மட்டும் பார்க்கிறது. இல்லையென்றால் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறது.

எழுத்தை விட்டுவிட்டு கீயின் எண்ணைப் பார்க்கலாம் என்று, எஸ் கீயின் எண்ணான 39 என எழுதினேன். ராத்திரி யோசித்தபோது அதுவும் தப்பு என்று பட்டது. பிரெஞ்சு கீபோர்டில் இசட்டும் டபிள்யூவும் இடம் மாறியிருக்கும். அங்கே எண்ணை நம்பினால் கன்ட்ரோலோடு டபிள்யூவை அழுத்தியவருக்கு, கன்ட்ரோல் இசட் செய்ய வேண்டிய அன்டூ நடக்கும். அதனால் இப்போது முதலில் வந்த எழுத்தையே பார்க்கிறேன். அது ஆங்கில எழுத்தாக இல்லாவிட்டால் மட்டும், அதே கீ ஆங்கில அமைப்பில் என்ன தரும் என்று பார்க்கிறேன்.

அப்புறம் தட்டும் கீகளைத் தமிழ் எழுத்தாகச் சேர்த்துத் தரும் ஐபஸ் என்ற நிரலைப் போட்டுக் கொடுத்தேன், புள்ளி தானாக விழுவதற்காக. அ, க, க, ஆ என்று நான்கு கீ தட்டினால் அக்கா வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு கீயையும் முதலில் ஐபஸ் கையில் கொடுத்து, அது வேண்டாம் என்றதைத்தான் நாம் எடுக்க வேண்டும். எழுத்து அங்கிருந்து வரட்டும், கட்டளை மட்டும் நம்முடையது.

பேக்ஸ்பேஸ் பற்றி அந்த அக்காவிடமே பாடம் கற்றேன். கொளத்தூர் என்பதற்குக் கோளத்தூர் என்று அடித்துவிட்டார். கோவுக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரு பேக்ஸ்பேஸ்; ஓகாரக் குறி போய் க மட்டும் நின்றது. ஒ தட்டினார், கொ ஆகிவிட்டது. எழுத்து முழுவதையும் அழிக்கும்படி மாற்றட்டுமா என்று கேட்டேன். "வேணவே வேணாம் தம்பி" என்றார். டெலீட் முழு எழுத்தையும் அழிக்கட்டும், அம்புக்குறியும் முழு எழுத்தாகத் தாண்டட்டும், பேக்ஸ்பேஸ் இப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பழைய கோப்பிலிருந்து ஒட்டிய கோ மட்டும் தொல்லை கொடுத்தது. அதில் ஓகாரக் குறி இரண்டு துண்டாக இருந்ததால் பேக்ஸ்பேஸ் அடித்தால் கே நின்றது. ஒட்டும்போதே சேர்த்துவிடுகிறேன்.

உன் பில்லிங் நிரலிலும் தமிழ் அமைப்பைப் போட்டு ஒருமுறை கன்ட்ரோல் எஸ் அழுத்திப் பார். டிசம்பரில் வருவாய்தானே? அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
ரவி