கையெழுத்துப் போடும் முன்

அன்பு மகளுக்கு,

நீ ஷிப்ட் இன்சார்ஜ் ஆனதை அம்மா எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். நானும்தான் சொன்னேன். அன்றைக்கு போனில், "அந்த பிரஸ் மெஷின், கை உள்ளே போகாம தடுக்கிற கார்டு இல்லாமத்தான்பா ஓடுது, நான் வர்றதுக்கு முன்னாடியே அப்படித்தான்" என்றாய். அப்புறம் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாய். அதிலிருந்து நீ மெஷின் பேச்சையே எடுப்பதில்லை. சரி, உன் பிரஸ்ஸைப் பற்றி நான் கேட்கவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

ஷிப்ட் எடுக்கும்போது கையெழுத்துப் போடும் முன் மெஷினை ஒரு சுற்று சுற்றி வா. கார்டின் கதவு மூடினால்தான் மெஷினை ஓடவிடும் கதவு சுவிட்சைக் கிட்டப் போய்ப் பார். கதவிலிருந்து சுவிட்சுக்குள் போகவேண்டிய உலோக நாக்குக்குப் பதில் உதிரி நாக்கு ஒன்றைச் செருகி டேப் சுற்றியிருப்பார்கள். டேப்பின் ஓரம் எண்ணெயும் தூசியும் ஏறிக் கறுத்திருந்தால் அது நேற்று ஒட்டியதல்ல. எத்தனையோ இன்சார்ஜ்கள் அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஆபரேட்டரைத் திட்டாதே. பீஸ் சிக்கும்போதெல்லாம் கார்டின் நாலு போல்ட்டைக் கழற்றி மாட்டவேண்டும் என்றால், ஒரு கட்டத்தில் யாரும் திருப்பி மாட்டமாட்டார்கள். கீல் கதவும், அது திறந்தால் மெஷினை நிறுத்தும் இன்டர்லாக்கும் கேட்டு வாங்கு. எமர்ஜென்சி பட்டன் இருக்கிறதே என்பார்கள். அதை அழுத்த ஒரு கை வெளியே இருக்கவேண்டும், அழுத்தவேண்டும் என்று தோன்றவும் வேண்டும். லைட் கர்டன், அதாவது கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் ஒளித்திரை, போட்டாலும் பிரஸ் நிற்க எடுக்கும் நேரத்தை அளக்கச் சொல். கை நொடிக்கு 2 மீட்டர் போகும் என்று வைத்துத்தான் கணக்கு. நிற்க 0.2 நொடி என்றால் அதற்குள் கை 40 செ.மீ. உள்ளே போயிருக்கும். பிரேக் தேயத் தேய அந்த நேரம் கூடும்.

பொறுப்பு யாருடையது என்பதற்கு 1963-லேயே சர்வதேச தொழிலாளர் அமைப்பு 119-ஆம் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கிறது. கார்டு இல்லாமல் விற்கக் கூடாது, ஓட்டக் கூடாது, இருக்கும் கார்டை முடக்கக் கூடாது. கார்டு இல்லாத மெஷினை ஓட்டும்படி ஒரு தொழிலாளியிடம் சொல்லவும் கூடாது. ஷிப்டில் அப்படிச் சொல்கிற வாய் இப்போது உன்னுடையது. "நான் வர்றதுக்கு முன்னாடியே" என்று நீ சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

பெரியப்பா இடது கையால் சட்டைப் பட்டன் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. அன்றைக்கு அந்த ஷிப்டில் இருந்த ஒருவர்கூடத் தெரியாது என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வாயால் சொல்லாதே, மேலே எழுதிக் கொடு, நகல் வைத்துக்கொள். கார்டு வரும்வரை மெயின் சுவிட்சில் பூட்டுப் போடு. டார்கெட் என்று கத்துவார்கள், கத்தட்டும். உனக்கு அந்தத் தைரியம் உண்டு, சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். அதையும் மீறி வேலை போனால் வீட்டுக்கு வந்துவிடு, நாங்கள் இருக்கிறோம். கையெழுத்துப் போடும் முன் மட்டும் ஒரு சுற்று சுற்றி வா.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. கேட்கவில்லை என்றுதான் எழுதினேன், ஆனாலும் கேட்கிறேன்: அந்த பிரஸ்ஸுக்குக் கார்டு போட்டாச்சா?

அப்பா